எர்லிண்டா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மிளகாய்

சோலூலா சந்தையில் தோன்யா எர்லிண்டாவை ஏமாற்றிவிட்டுப் போனவர் எவரும் கிடையாது. இதைச் சொன்னது தோன்யா எர்லிண்டாதான். தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மற்றவர்கள் சொன்னது வேறு. சாமியே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வாங்கிக்கொள்வாள் என்றார்கள்.

அவளுடையது வற்றல் மிளகாய்க் கடை. காரமான மிளகாய்க்கு அங்கே இடமில்லை. "நாக்கைச் சுட்டுக்கணும்னா தீக்குச்சி போதுமே, மிளகாய் எதுக்கு?" என்பாள். மோலே குழம்புக்குப் போகிற சாதுவான வற்றல்கள் மட்டும்தான் விற்பாள். கறுத்து நீண்ட பசியா, உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கும் ஆஞ்சோ, அதே அகலத்தில் அதே சுருக்கத்தோடு முலாட்டோ.

இந்தக் கடைசி இரண்டில்தான் வம்பே. ஆஞ்சோவும் முலாட்டோவும் அக்கா தங்கை போல இருக்கும். ஆனால் விலை ஒன்றல்ல. முலாட்டோதான் கல்யாண மோலேக்கு அந்தக் கறுப்பையும் அடித்தொண்டையில் நிற்கிற இனிப்பையும் கொடுப்பது. அந்த இடத்தில் ஆஞ்சோவைப் போட்டால் குழம்பு சிவந்து, லேசாகப் புளித்து, பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. காம்பைக் கிள்ளி, பக்கவாட்டில் கிழித்து, விதையை உதறி, தோலை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். ஆஞ்சோ என்றால் திராட்சை ரசம் போலச் சிவப்பாகத் தெரியும். முலாட்டோ என்றால் காப்பி டிகாக்ஷன் நிறம்.

எர்லிண்டா இதைப் பத்தொன்பது வயதில் கற்றாள். கல்யாணமாகி நாலாவது மாதம் மாமியார் கடையில் நின்று தானாகவே ஒரு மூட்டை முலாட்டோ வாங்கினாள். மேல் பாதி முலாட்டோ. கீழ்ப் பாதி எண்ணெயும் கரியும் தடவிய பழைய ஆஞ்சோ. மாமியார் அதைப் பதினோரு பேர் முன்னால் தரையில் கொட்டிக் காட்டினாள். அந்தப் பதினோரு பேரின் பெயரையும் எர்லிண்டா இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். அவர்களில் ஏழு பேர் இப்போது உயிரோடு இல்லை.

மறுநாள் எரிமலைச் சரிவு ஊரிலிருந்து ஒரு இளைஞன் மூட்டையோடு வந்து நின்றான். பெயர் நபோர். சொந்தமாகப் பயிர் செய்து, சொந்தமாக உலர்த்தி, தானே சுமந்து விற்பவன். ஒரு மிளகாயைக் கிழித்து நடுத்தெரு வெயிலில் பிடித்துக் காட்டினான். "சந்தேகமா இருந்தா இன்னொண்ணு கிழிங்க" என்றான். எர்லிண்டா நாற்பது கிழித்தாள். நாற்பதும் காப்பி நிறம். நபோர் சிரித்துக்கொண்டே நின்றான். அன்றிலிருந்து அவள் வேறு யாரிடமும் முலாட்டோ வாங்கியதில்லை.

மகள் யதிரா பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு நபோரையே ஞானத்தகப்பனாக வைத்தாள். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டால் பெற்றவர்களுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு இவள் கொமாத்ரே. அது ரத்த உறவைவிடக் கெட்டி. அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளலாம். கொம்பாத்ரேக்கள் குரல் உயர்த்தக்கூடக் கூடாது. யதிராவுக்கு ஏழு வயதில் அப்பா போனபோது, சவப்பெட்டியின் முன்கோடியைப் பிடித்து நடந்தவர் நபோர்தான். அதன்பிறகு ஒவ்வோர் அறுவடைக்கும் வருவார், மூட்டையைத் தொப்பென்று போடுவார், ஒரு குவளைச் சோளக்கஞ்சி குடிப்பார், போவார். மூட்டையை யாரும் பிரிப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், அவர் போன பிறகு எர்லிண்டா மூன்று மிளகாய் கிழித்துப் பார்ப்பாள். மூன்றே மூன்று. கொம்பாத்ரே மீது சந்தேகமா என்று கேட்டால் அடிக்க வருவாள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் எரிமலை இருமி இருமிச் சாம்பல் கொட்டியது. மழையும் சேர்ந்துகொள்ள, கடைக்கு மேலே இருந்த பழைய வெள்ளைப் படுதா கிழிந்து தொங்கியது. தேர்தலில் நிற்கிற ஒருவர் அப்போதுதான் தன் முகம் போட்ட வெள்ளைத் தார்ப்பாய்களைச் சந்தை முழுக்க இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வாங்கிக் கட்டினார்கள். எர்லிண்டா தொடவில்லை.

"ஓசியில கூரை குடுக்கிறவன், நாளைக்குக் கூரைக்குக் கீழ இருக்கிறதைக் கேப்பான்" என்றாள்.

தானே இரும்புக்கடைக்குப் போனாள். இருப்பதிலேயே கனமான தார்ப்பாய் சிவப்பில்தான் இருந்தது. ஒழுகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். எர்லிண்டா ஒரு வாளித் தண்ணீர் வாங்கி அவன் கடைக்குள்ளேயே அதன்மேல் ஊற்றி, அடியில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்து கடைக்கு மேலே கட்டினாள்.

பக்கத்துக் கடை சோனாவுக்கு அதைப் பார்த்ததும் கொண்டாட்டம். எள்ளும் உலர்திராட்சையும் பட்டையும் விற்கிறவள், வாய் சும்மா இருக்காது. "என்னடி எர்லிண்டா, நவம்பர்ல கல்யாணம் உன் மகளுக்கா உனக்கா? கன்னமெல்லாம் செவந்து கிடக்கு!"

வாடிக்கைக்காரர்களும் அதையே சொன்னார்கள். தோன்யாவுக்குப் பத்து வயசு குறைஞ்சிருச்சு, முகத்துல ரத்தம் ஊறியிருக்கு என்றார்கள். கூட ஒரு கைப்பிடி போடச் சொல்லித்தான் இந்தக் குழைவு என்று எர்லிண்டா கணக்குப் போட்டாள். அன்றைக்கெல்லாம் தராசை ஒரு மயிரிழைகூட இறங்க விடவில்லை.

அக்டோபரில் புது வற்றல் வந்தது. நபோர் இரண்டு மூட்டை கொண்டுவந்தார். ஒன்று கடைக்கு. இன்னொன்று யதிராவின் கல்யாண மோலேக்கு. அது விற்பனை இல்லை, ஞானத்தகப்பன் கொடுக்கிற சீர். மகள் நடக்கப் பழகும் முன்னே வாய்விட்டுச் சொன்ன வாக்கு.

"தேடித் தேடிப் பொறுக்கினது கொமாத்ரே. ஒவ்வொண்ணும் என் கை அகலம்" என்றார். கஞ்சியைக் குடித்தார். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு வாஷர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

எர்லிண்டா வழக்கம்போல மூன்று எடுத்தாள். சீர் மூட்டையிலிருந்துதான் எடுத்தாள். முதலாவதைக் கிழித்துத் தலைக்கு மேலே பிடித்தாள். சிவப்பு. அடுத்தது சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. பத்து கிழித்தாள், முப்பது கிழித்தாள், மடியெல்லாம் விதை. அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கல்யாண வீட்டுக்கு வைக்கிற சீரிலேயே கை வைப்பாரா இந்த மனுஷன் என்று நினைத்தாள். முகர்ந்து பார்த்தாள். உலர்திராட்சை வாசனை, கொக்கோ வாசனை, அப்பட்டமான முலாட்டோ வாசனை. அதை முகர்ந்ததும்தான் கோபம் வந்தது. கொக்கோத் தொலியைப் போட்டுத் தேய்த்திருக்கிறார், அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

நபோர் வாஷரோடு திரும்பியபோது, கிழித்த மிளகாய்கள் பலகைமேல் பரப்பிக் கிடந்தன.

"கொம்பாத்ரே, இது என்ன?"

"முலாட்டோ."

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வெச்சு ஓட்டுன பேரு. இப்படியா? அதுவும் உங்க ஞானமகள் கல்யாணத்துலயா?"

நபோர் ஒரு மிளகாயை எடுத்தார். வயசு அறுபதைத் தொடுகிறது, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "என் கொல்லையில ஆஞ்சோவே போடலையே கொமாத்ரே. வெளிய வாங்க, வெயில்ல பிடிச்சுப் பாப்போம். ரெண்டு எட்டுதான்."

"கடையை விட்டு இறங்கச் சொல்றீங்களா? நான் இறங்குற நேரத்துல மூட்டையை மாத்தவா? எனக்கு இங்கயே கண்ணு தெரியுது!"

கூட்டம் கூடிவிட்டது. சோனா எள் அளப்பதை நிறுத்திவிட்டாள். எர்லிண்டா மூட்டையின் வாயைப் பிடித்து, நபோர் காலடியில் கவிழ்த்தாள். மாமியார் அன்றைக்குச் செய்தது போலவேதான். இந்தத் தடவை பதினோரு பேருக்கும் மேலே இருந்தார்கள்.

நபோர் குனிந்து, முட்டி போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டையில் போட்டார். கிழிந்ததையும் விடவில்லை. இரண்டு மூட்டையையும் தோளில் ஏற்றிக்கொண்டு, தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி போனார்.

செய்தி காய்ந்த புல்லில் நெருப்பாகப் பரவியது. கொமாத்ரேயே சொல்லிவிட்டாள் என்றால் வேறு யார் நம்புவார்கள்? அடுத்த புதனன்று நபோரின் மூட்டையை மற்றக் கடைக்காரர்கள் கொத்துக் கொத்தாக எடுத்துக் கிழித்தார்கள். எதுவும் குறை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் கிழித்தார்கள். அதன்பிறகு அவர் சோலூலாவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

யதிரா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். கடைசியாகப் பேசியது இதுதான்: "ஞானப்பா ஞானப்பான்னு அவரை நான் அப்பா மாதிரி நினைச்சிருக்கேன். அவர் வந்து நிக்காத கல்யாணத்துக்கு நீ யாருக்கு வேணா மோலே பண்ணிப் போடு. நான் கோயில் படி ஏறமாட்டேன்."

"ஏமாத்துறவனைக் கூப்பிட்டு மாலை போடச் சொல்றியா?"

"அவர் ஏமாத்துனார்னு உன்னைத் தவிர யாரு சொல்றா? உன் கண்ணுதானே?"

"ஆமா, என் கண்ணுதான். அதைத் தவிர வேற யாரை நம்புறது?" என்றாள் எர்லிண்டா. அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து, வேறு இரண்டு விவசாயிகளைக் கடைக்கே வரவழைத்தாள். முதலாமவன் கொண்டுவந்தது சிவப்பு. விரட்டினாள். இரண்டாமவனுடையதும் சிவப்பு. அவன் திட்டிவிட்டுப் போனான். ஊரே கூட்டுச் சேர்ந்துவிட்டது, எல்லாம் நபோர் கைவேலை என்று எர்லிண்டாவுக்குப் பட்டது. பஸ் ஏறி மொத்தச் சந்தைக்கே போனாள். அங்கே திறந்தவெளியில் அறுபது மிளகாய் கிழித்தாள். அறுபதும் காப்பி நிறம். கண்ணில் நீர் வந்துவிட்டது, உலகத்தில் ஒரு யோக்கியனாவது மிச்சமிருக்கிறான் என்று. மூட்டையை ஒரு வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, படுதாவுக்குக் கீழே உட்கார்ந்து ஒன்று கிழித்தாள். சிவப்பு.

வேன் டிரைவர் வழியில் மூட்டையை மாற்றிவிட்டான். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயம் அவளுக்கு வாழ்க்கையில் பட்டதில்லை. வேன் நிறுத்தத்துக்குப் போய் அவனை ஒரு மணி நேரம் கிழித்தாள். பாவம் அவன், சர்ச் இருக்கும் திசையில் கும்பிட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. யதிரா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். முற்றத்தில் பெரிய மண்சட்டிகள் காத்திருந்தன, வான்கோழிகளை ஏற்கெனவே உரித்தாகிவிட்டது. சொந்தக்காரப் பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்து, எர்லிண்டா வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்திருந்த அந்த வேன் மூட்டை மிளகாயைச் சுத்தம் செய்தார்கள். காம்பு ஒரு பக்கம், விதை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். ஒருத்தி பன்றிக்கொழுப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். மிளகாய்த் தோலை அதில் போட்டு, உப்பி வாசம் வரும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு கண்சிமிட்டல் தாண்டினால் கசந்துவிடும்.

சோனா எர்லிண்டாவைப் போலவே கழுத்தை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஒரு மிளகாயை வெயிலுக்கு எதிரே பிடித்தாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். சோனா சிரிக்கவில்லை.

"எர்லிண்டா, இங்க வா. இது முலாட்டோடி."

"உனக்குக் கண்ணு போயிருச்சு."

"என் கண்ணு போனா உன்னை எப்படிப் பாக்குறேன்? வந்து பாரு."

எர்லிண்டா வந்து பார்த்தாள். காப்பி நிறம். சோனா தன் சால்வைக்குள்ளிருந்து வேறு மிளகாயை எடுத்திருப்பாளோ என்று அவள் மடியைப் பார்த்தாள். குவியலில் கையை விட்டு அடியிலிருந்து ஒன்று எடுத்தாள். காப்பி. இன்னொன்று, காப்பி. நேராக மகள் அறைக்கதவைத் தட்டினாள்.

"நீ ராத்திரியோட ராத்திரியா நபோர்கிட்ட போய் மூட்டையை மாத்திக் கொண்டுவந்துட்டியா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "அம்மா, உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு."

எர்லிண்டா ஒரு கைப்பிடி மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். அங்கே போனால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அங்கேதானே அவள் கண் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. கடைக்குள் நின்று ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்தாள். சிவப்பு. அதே மிளகாயை, விரல்களுக்கு நடுவிலிருந்து விடாமல், தெருவுக்கு இறங்கிப் பிடித்தாள். காப்பி. உள்ளே போனாள், சிவப்பு. வெளியே வந்தாள், காப்பி. அடுத்த வரிசைக் கருவாட்டுக்காரி, இந்த அம்மாள் எதற்காகக் கூரைக்குள்ளும் வெளியிலும் ஆடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது தடவை உள்ளே போனபோது எர்லிண்டா மிளகாயைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரல் நகம்கூடச் சிவப்பாக இருந்தது. தராசின் வெள்ளைத் தட்டு சிவப்பு. கன்னம் சிவந்திருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அப்புறம் அண்ணாந்து பார்த்தாள். மூன்று மாதமாக அவள் தலைக்கு மேலே அது கிடந்தது. அதை அவள் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருந்தாள், ஒழுகவில்லை.

தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த இடம், நபோர் முட்டி போட்டுப் பொறுக்கிய அதே இடம்.

மதியத்துக்கே மலைச்சரிவு ஊருக்குப் போகும் வண்டியில் ஏறிவிட்டாள். நபோர் வீட்டு வாசலில் பாய் விரித்து மிளகாய் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, தொப்பியை எடுத்து, "வாங்க கொமாத்ரே" என்றார். அந்த மரியாதைதான் அவளை இன்னும் கொன்றது.

எல்லாவற்றையும் சொன்னாள். தார்ப்பாய், சிவப்பு, கை, நகம். மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வெளிய வாங்கன்னு கூப்பிட்டேன்" என்றார்.

"கூப்பிட்டீங்க."

"ரெண்டு எட்டு."

"ஆமா கொம்பாத்ரே. ரெண்டு எட்டு."

அவர் ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளிக் கீழே போட்டார். "சரி, படுதாவோட தப்புன்னே வெச்சுக்குவோம். ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நிஜமாவே நான் ஆஞ்சோ கொண்டுவந்திருந்தா? இத்தனை வருஷத்துல ஒரு மூட்டை. கொம்பாத்ரேக்கு ஏதோ கஷ்டம் போலிருக்குன்னு உங்களுக்குத் தோணியிருக்காதா?"

அவர் கிள்ளிப் போட்ட காம்பையே எர்லிண்டா பார்த்தாள். அவர் வேலையைத் தொடர்ந்தார்.

"பொண்ணு கல்யாணம். நான் வராம இருப்பேனா" என்றார் கடைசியில். "சீர் மூட்டை உள்ளே அப்படியேதான் இருக்கு. அதை வேற யாருக்கும் விக்கலை."

கல்யாணம் நடந்தது. மோலே நபோரின் முலாட்டோவில்தான் வெந்தது. கறுத்து, பளபளத்து, கரண்டியில் கனமாக ஒட்டி நின்றது. யதிரா ஞானத்தகப்பனின் கையைப் பிடித்தபடி கோயில் படி ஏறினாள். அவர் கல்யாண வழக்கப்படி ஒரு வான்கோழியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார், இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் ஞாயிறு, சந்தை நிரம்பி வழிகிற நாள். எர்லிண்டா சிவப்புத் தார்ப்பாயைத் தானே அவிழ்த்து நடுத்தெருவில் போட்டாள். "என் கொம்பாத்ரே யோக்கியர். நான்தான் முட்டாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு மூட்டையைக் கவிழ்த்த அதே குரலில்தான் சொன்னாள், கொஞ்சமும் தணிக்கவில்லை. இதை மட்டும் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை நபோர் வந்தார். எர்லிண்டா கஞ்சியைச் சூடாக்கி, குவளையைக் கழுவி வைத்திருந்தாள். அவர் மூட்டையைத் தொப்பென்று போடவில்லை. மெதுவாக இறக்கி, தெருவில், கூரைக்கு வெளியே வைத்தார். கயிற்றை அவிழ்த்தார். கையை அடிவரைக்கும் விட்டு ஒன்று எடுத்து, காம்பைக் கிள்ளி, கிழித்து, விதையை உதறி, வெயிலில் பிடித்தார்.

"பாருங்க கொமாத்ரே."

"வேண்டாம் கொம்பாத்ரே. சத்தியமா வேண்டாம். உள்ள வாங்க, கஞ்சி ஆறுது."

"நான் போன பிறகு மூணு பாப்பீங்கன்னு எனக்கு எப்பவுமே தெரியும்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அதனாலதான் இப்ப நானே பத்து காட்டிடுறேன். பாருங்க."

பத்தையும் காட்டினார். எர்லிண்டா ஒவ்வொன்றையும் பார்த்தாள். பார்க்காமல் இருந்தால் அவர் கையை இறக்கமாட்டார். பிறகு மூட்டையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அது நடந்து ஆறு அறுவடை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்து.